இருநூற்றாறு டெங்லர்கள்

நீதிபதி அம்மாள் கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கேட்டார்:
எல்லாம் ஒரே ஆளா?
ஒரே ஆள்தான். ஒரே படம்தான்.
நானூற்றுப் பன்னிரண்டு தரம்.
வீடு வங்கிக்கு. நாய் உனக்கு.
டெங்லர் பாதிப் பாதி.

டெல்மர், நீ அவற்றை வாங்கிக் குவித்த கோடையில்
நம் வாஷிங் மெஷின் ஓடவில்லை.
நான் தொட்டியில் துணி அலசிக்கொண்டிருந்தேன்.
ராய்ஸ் டெங்லர், இடக்கைப் பிட்சர், வயது இருபத்தொன்று,
வரிசையாய்ப் பதினோரு ஆட்டம் ஜெயித்திருந்தான்.
ரேடியோவில் அவன் பெயர் வந்தால்
நீ சத்தத்தைக் கூட்டுவாய்,
நான் குழாயை மூட வேண்டும்.
விளையும் பயிர் முளையிலே தெரியும்தான்.
நீ முளையைப் பார்த்த கையோடு
வயலுக்கே அச்சாரம் கொடுத்துவிட்டாய்.

வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு
ஒவ்வொன்றாய் உறையில் இடுவாய்.
மூலை மழுங்கினால் பாதி விலை.
என் விரலில் எப்போதும் வெண்ணெய் இருக்குமாம்,
தள்ளி உட்காரச் சொல்வாய்.

ஒருநாள் திருப்பிக் காட்டினாய்:
முதல் வருடக் கார்டின் முதுகில்
ஒரே ஒரு வரி எண்கள்.
அதற்குக் கீழே வெறும் வெள்ளை.
இந்த வெள்ளைக்குத்தான் காசு, தெரியுமா என்றாய்.
பழைய ஆட்டக்காரன் முதுகில்
எறும்புச் சாரையாய் எண்கள் ஊர்கின்றன,
அவனை யார் வாங்குவார்கள்?
அன்றைக்கு எனக்கு முப்பத்தெட்டு முடிந்திருந்தது.

ஆகஸ்டில் தோள் கிழிந்தது.
ஆறாவது இன்னிங்ஸ், மில்வாக்கியில்.
ரேடியோக்காரர் வெகுநேரம் வானிலை பற்றியே பேசினார்.

என் பங்கு டெங்லர்களை நான் வீணாக்கவில்லை.
ஆடும் மேசைக் காலடியில் நால்வர்.
எதிர்வீட்டு ப்ரெஹ்ம் பையனின்
சைக்கிள் ஆரக்கால்களில் ஏழெட்டுப் பேர்
தெருவெல்லாம் படபடத்துப் போனார்கள்.
கெட்டி பிளாஸ்டிக் கூட்டில் அடைத்த ஒருவன் மட்டும்
காரிலேயே இருந்தான், குளிர்காலத்துக்கென்று.

போன ஜனவரி.
மிசிசிப்பி கல்லாய் உறைந்து கிடந்தது.
டயர் கடையில் சாவியை வாங்கியவர்
என் வயதுக்குப் பத்து குறைந்தவர்.
சட்டைப் பையில் சிவப்பு நூலில் ராய்ஸ்.
டுபியூக்கில் எத்தனையோ ராய்ஸ்.
வண்டியை உள்ளே விட்டவர்
கையில் அவனோடு திரும்பி வந்தார்.

இது உங்கள் காரில் என்ன செய்கிறது?
வேறு வழியில்லை, உண்மையைச் சொன்னேன்:
கண்ணாடியில் பனி சுரண்டுகிறது.
நன்றாகச் சுரண்டுகிறதா?
கடையில் விற்பதைவிட மேல்.

அவர் சிரித்தாரா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.
முன்பக்கத்தைப் பார்த்து,
இந்தத் தொப்பி என்னுடையது இல்லை என்றார்.
என்னுடையதில் காபி கொட்டிவிட்டது,
யாருடையதையோ வாங்கி மாட்டிக்கொண்டேன்.
பிறகு திருப்பி அந்த ஒரு வரியை வாசித்தார்,
யாருடைய மின்சார பில்லையோ வாசிப்பதுபோல.
இது ஒன்றுதான் வைத்திருக்கிறீர்களா?

ஒன்றுதான் என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதே.

நாலு சக்கரத்தையும் அவர் தூக்கி மாட்டியது வலக்கையால்.
பில்லில் பேலன்சிங் கூலி எழுதவில்லை.
கார்டைத் துடைத்து
எடுத்த இடத்திலேயே வைத்திருந்தார்.

மறுநாள் காலை கண்ணாடி முழுக்கப் பனி.
நூலக அட்டையால் சுரண்டினேன்.
இரண்டாய் உடைந்தது.
புதிதுக்கு மூன்று டாலர் கேட்கிறார்கள்.

உன்னுடைய இருநூற்றாறும்
உறையில் மூலை மழுங்காமல் இருக்கும், தெரியும்.
டயர் தேய்ந்துவிட்டதென்றால், டெல்மர்,
பாலம் இறங்கியதும் இடப்பக்கம், மஞ்சள் கூரை.
இரண்டு மணிக்கு மேல் கூட்டம் இருக்காது.
கையுறை போட்டுக்கொண்டு போய் நிற்காதே.